பூனையைத் திருப்பிக் கொடுக்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். கூப்பிட்டால் வருவதில்லை, மடியில் உட்காருவதில்லை, சோபாவைப் பிறாண்டுகிறது, இந்தப் பூனையைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். அதன் மேல் என்ன குற்றம்? நாயிடம் எதிர்பார்க்க வேண்டியதை அதனிடம் எதிர்பார்க்கிறாய்.

நாய் நம்மோடு வேட்டைக்கு வந்து, சொன்ன வேலையைச் செய்து பழகியது. பூனையை அப்படி யாரும் கட்டிவைத்துப் பழக்கவில்லை. சுமார் 10,000 வருடத்துக்கு முன்னால் மேற்காசியாவில் மனுஷன் பயிர் வைத்துத் தானியம் சேர்த்தான். தானியத்துக்கு எலி வந்தது, எலிக்காக அந்தப் பக்கத்துக் காட்டுப்பூனை வந்தது என்கிறார்கள். ஆளைக் கண்டு மிரளாதவை ஊருக்குள்ளேயே குட்டி போட்டன. இன்றைய வீட்டுப் பூனை எல்லாம் அந்தக் காட்டுப்பூனை வம்சம்தான் என்று 2007-இல் மரபணுவை வைத்துச் சொன்னார்கள்.

சைப்ரஸ் தீவில் 9,500 வருடத்துக்கு முந்தைய ஒரு சமாதி. மனுஷ எலும்புக்கூட்டுக்குச் சுமார் ஒன்றேகால் அடி தள்ளி, எட்டு மாதப் பூனை ஒன்றையும் முழுசாகப் புதைத்திருக்கிறார்கள். அந்தத் தீவுக்குப் பூனை சொந்தமில்லை. யாரோ படகில்தான் ஏற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

படகு என்றதும் நம்ம காசிமேடு வந்துவிடுகிறது பார். வலை பின்னுகிற கொட்டகையில் ஒரு செவலைப் பூனை இருக்கிறது. காக்காயை விரட்டுகிறவர்கள் அதை விரட்டுவதில்லை. எலி வலையைக் கடித்தால் நஷ்டம் யாருக்கு? ஏலம் முடியும்வரை வலைக் குவியல் மேல் தூங்கும். கூடை கழுவுகிற நேரம் சரியாக இறங்கிவந்து, சிதறிக் கிடக்கிற காரப்பொடி மீனைத் தின்னும். தடவப் போனால் முதுகை வளைத்து நழுவிவிடும். அதற்காக யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

எகிப்துக்காரர்கள் பாஸ்டெட் என்று பூனை முகத்தில் ஒரு சாமியையே கும்பிட்டார்கள். அப்புறம் அதே பூனையைக் கொன்று, துணி சுற்றி, அந்தச் சாமிக்கே காணிக்கையாகவும் வைத்தார்கள். பக்தியே பக்தி!

சோபாவுக்கு ஒரு வழி சொல்கிறேன். கனமான கட்டையில் சணல் கயிற்றை இறுக்கிச் சுற்றி, சோபாவுக்குப் பக்கத்திலேயே நிறுத்து. நகம் தீட்ட அதற்கு ஏதாவது வேண்டும். பால் ஊற்றாதே, வளர்ந்த பூனை பலவற்றுக்குச் செரிக்காது. தண்ணீர் போதும்.

அம்மா நெத்திலிக் கருவாடு பார்சல் போட்டிருக்கிறாள். அது உனக்கு மட்டும்தான். உப்பு ஜாஸ்தி, பூனைக்குக் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அப்பா