மில்டனின் எட்டாவது வரி

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் கண் ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருந்தேன். வலது கண்ணில் புரை. பத்து நாள் எதையும் படிக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் மருமகள்தான் படித்துக் காட்டினாள். இப்போது நன்றாகத் தெரிகிறது, கவலைப்படாதே.

தேன்மொழி பி.ஏ. ஆங்கில இலக்கியம் சேர்ந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். சானட், ஓட், எலிஜி என்று கவிதை வகைகளின் வரையறைகளை மனப்பாடம் செய்கிறாள், ஒன்றும் மனதில் ஒட்டவில்லை என்று எழுதியிருந்தாய். அப்படிப் படித்தால் ஒட்டாது, சேகர். ஒரே ஒரு கவிதையைக் கையில் கொடு. ஆங்கிலக் கவி மில்டன் தன் பார்வை போனதைப் பற்றி எழுதிய சானட். அந்தப் பத்து நாளும் எனக்கு அதுதான் துணை.

1652-இல் அவருக்குப் பார்வை முழுவதும் போய்விட்டது. வயது 43. எழுத நினைத்திருந்த பெருங்காவியம் அப்படியே நிற்கிறது. முதல் வரியில், என் வெளிச்சம் செலவாகிவிட்டதே என்கிறார். 'ஸ்பென்ட்' காசுக்குச் சொல்லும் சொல். மூன்றாவது வரியில் 'டேலண்ட்' வருகிறது. அதுவும் ஆதியில் காசுதான், ஒரு எடை வெள்ளி. மத்தேயு சுவிசேஷத்தில் எஜமான் கொடுத்த ஒரு தாலந்தை மண்ணில் புதைத்துவைத்துத் தண்டனை வாங்கிய வேலைக்காரன் கதை இருக்கிறதே, அந்தக் கதையிலிருந்துதான் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குத் 'திறமை' என்ற பொருள் வந்தது. தமிழ் பைபிளில் அது தாலந்து. நம் கிறிஸ்தவ நண்பர்கள் "கடவுள் கொடுத்த தாலந்து" என்பார்களே, அதேதான். கவிபாடும் திறமை தனக்குள் புதைந்து கிடக்கிறதே என்ற பயம் மில்டனுக்கு.

இனி வடிவத்துக்கு வருகிறேன். சானட்டுக்கு 14 வரி, ஆங்கிலத்தில் வரிக்குப் பத்து அசை. இத்தாலியில் பெட்ரார்க் என்ற கவி எழுதிய முறையில் முதல் எட்டு வரிகளுக்கு ஒரு இயைபு முறை (வரிகளின் கடைசி ஓசை ஒத்துவருவதுதான் இயைபு), அடுத்த ஆறுக்கு வேறு. எட்டில் ஒரு கேள்வியோ முறையீடோ, ஆறில் அதற்குப் பதில். நடுவில் வரும் திருப்பத்தை வோல்டா என்பார்கள். மில்டனும் இந்த முறையில்தான் எழுதுகிறார். கண்ணில் வெளிச்சம் தராமல் கடவுள் நாள்கூலி வேலை கேட்பாரா என்று எட்டாவது வரி வரைக்கும் புலம்புகிறார். ஆனால் அந்த வரி முடிவதற்குள் பொறுமை என்பது ஒரு ஆளைப் போல வந்து பேச ஆரம்பித்துவிடுகிறது. முணுமுணுப்பை 'பிரிவென்ட்' செய்ய வந்ததாம். இன்று அதற்குத் தடுப்பது என்று பொருள். லத்தீன் வேரில் முந்தி வருவது. பொறுமை பதில் சொல்ல வேண்டிய இடம் ஒன்பதாவது வரி, ஆனால் அது முந்தி வந்துவிட்டது! அகராதி சொல்லும் பொருளை வரியே செய்துகாட்டுகிறது. முதல் வரியின் 'ஸ்பென்ட்'டும் இந்த 'பிரிவென்ட்'டும் ஒரே இயைபும்கூட. இது எனக்குப் பிடிபட்ட அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

நின்று காத்திருப்பவர்களும் ஊழியம் செய்பவர்களே என்று கவிதை முடிகிறது. அப்புறம் அவர் எழுத நினைத்திருந்த அந்தக் காவியமும், 'பாரடைஸ் லாஸ்ட்', 1667-இல் வெளிவந்தது. இரவில் மனதில் கட்டிவைத்த வரிகளைக் காலையில் பிறரிடம் சொல்லி எழுதவைத்தாராம். பத்தாயிரம் வரிக்கு மேல், இயைபே இல்லாமல். எபிக் என்னும் காவியம், பிளாங்க் வெர்ஸ் என்னும் இயைபில்லாச் செய்யுள் இரண்டையும் அவள் அதிலேயே தெரிந்துகொள்ளலாம். ஷேக்ஸ்பியரின் சானட் வேறு அமைப்பு, மூன்று நாலடியும் கடைசியில் ஒரு ஈரடியும். 1609-இல் அச்சான தொகுப்பில் 154 இருக்கின்றன. அதற்கு அவசரமில்லை.

முதலில் இந்த ஒன்றைச் சத்தமாக வாசிக்கச் சொல். எட்டாவது வரிக்கு வந்ததும் எனக்கு ஒரு போன் பண்ணச் சொல்.

அன்புடன்,
ராஜு