அல்சேஷன் குட்டி விஷயம்

சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள தம்பி,

நீ வாங்க நினைக்கும் அல்சேஷன் குட்டியின் படங்களைப் பார்த்தோம். காது இன்னும் நிமிராத அந்தக் கறுப்புக் குட்டியை அப்பா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். நாய் வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

மிட்ராண்டில் நீ இருப்பது செக்‌ஷனல் டைட்டில் வளாகம், அதாவது வீடு தனித்தனி உரிமை, பொது இடம் எல்லோருக்கும் சேர்ந்தது. வளாகத்தை நிர்வகிக்கும் டிரஸ்டிகளின் எழுத்து அனுமதி இல்லாமல் பிராணி வளர்க்கக் கூடாது என்பது அங்கே பொதுவான விதி. தகுந்த காரணம் இல்லாமல் அவர்களும் மறுக்கக் கூடாது. வாடகை வீடு என்பதால் வீட்டுக்காரரிடமும் கேட்க வேண்டும். அனுமதி கைக்கு வரும்வரை யாருக்கும் டெபாசிட் அனுப்பாதே.

சரி, அனுமதி கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு அந்தக் குட்டியோடு வீட்டில் யார் இருப்பார்கள்? நீங்கள் இருவரும் விடியும்போது கிளம்பி இருட்டிய பிறகு வருகிறீர்கள். இரண்டு மாதக் குட்டிக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே போக வேண்டும், நாளுக்கு மூன்று நான்கு வேளை சாப்பாடு வேண்டும். அல்சேஷன் ஆடு மேய்க்க உருவாக்கிய ஜாதி. வேலை கொடுக்காவிட்டால் அதுவே ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும், பெரும்பாலும் உன் சோபாவில். வளர்ந்தால் முப்பது கிலோவுக்கு மேலும் போகலாம், பத்துப் பன்னிரண்டு வருஷம் கூடவே இருக்கும். மருமகள் என்ன சொல்கிறாள் என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை, அதையும் கவனித்தேன்.

பேப்பரோடு வருகிறது என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். கூசா என்ற நாய் வளர்ப்புச் சங்கத்தின் பதிவு குட்டியின் வம்சத்தைச் சொல்லும், ஆரோக்கியத்துக்கு உத்தரவாதம் தராது. அல்சேஷனுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும். தாய், தகப்பன் இரண்டுக்கும் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா, அறிக்கையைக் காட்டுவார்களா என்று கேள். அவர்கள் வீட்டுக்கே போய்த் தாய் நாயைப் பார். அது மனிதரைக் கண்டு ஒதுங்குகிறதா, வாலாட்டி வருகிறதா என்பதே உனக்குப் பாதி பதில். பெட்ரோல் கராஜில் வைத்துக் கைமாற்றித் தருகிறோம் என்பவனையும், முதலில் பணம் போடு, கூரியரில் வரும் என்பவனையும் நம்பாதே. எட்டு வாரம் ஆகாத குட்டியை யார் நீட்டினாலும் வாங்காதே. நல்ல வளர்ப்பாளர் உன்னைத்தான் கேள்வி கேட்பார். சுவர் எவ்வளவு உயரம், பகலில் யார் இருப்பார்கள், நாளைக்கு உன்னால் முடியாமல் போனால் நாயை அவரிடமே திருப்பித் தருவாயா என்றெல்லாம் கேட்டால் கோபப்படாதே, அவர்தான் சரியான ஆள்.

கைவிடப்பட்ட பிராணிகளைப் பராமரிக்கும் எஸ்பிசிஏவிலும் ஒரு தடவை போய்ப் பார். வளர்ந்த ஜாதி நாய்களும் அங்கே வந்து சேர்வதுண்டு, பலவும் நீ இப்போது எழுதுவதுபோல் ஆசையாக வாங்கியவர்கள் விட்டவை.

வாங்கும் விலையை விட, பிறகு ஆகும் செலவுதான் பெரிது. ரேபிஸ் ஊசி நம் தென்னாப்பிரிக்காவில் சட்டப்படி கட்டாயம். மூன்று மாதத்தில் முதல் ஊசி, ஒரு வருஷத்துக்குள் இரண்டாவது, அப்புறம் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. பார்வோ என்ற குடல் நோய்க்கான ஊசிகள் முடியும்வரை பார்க்குக்குக் கூட்டிப் போகாதே. பிலியரி என்ற ரத்த நோய்தான் எனக்குப் பெரிய பயம். உண்ணி கடித்து வருவது, உங்கள் பக்கமும் உண்டு. நாய் சோர்ந்து சாப்பிடாமல் கிடந்தால் உதட்டைத் தூக்கி ஈறைப் பார். வெளுத்திருந்தாலோ சிறுநீர் கோக் நிறத்தில் போனாலோ அன்றைக்கே வெட் டாக்டரிடம் ஓட வேண்டும், காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. என் மஞ்சள் வைத்தியம் எல்லாம் அதற்கு எடுபடாது. ரத்தம் ஏற்றும் நிலைக்குப் போனால் பில் ஆயிரக்கணக்கில் வரும். மாதாமாதம் தனியாகப் பணம் ஒதுக்க முடியுமா என்று இப்போதே கணக்குப் பார்.

எப்படியும் இந்த வருஷக் கடைசியில் எடுக்காதே. தீபாவளி, நவம்பர் ஐந்தாம் தேதி கை ஃபாக்ஸ் நாள், நியூ இயர் என்று வரிசையாக வெடி, சின்னக் குட்டி நடுங்கிப் போகும். டிசம்பரில் நீங்கள் இங்கே வரும்போது அதை எங்கே விடுவது? கென்னல்கள் எல்லாம் அப்போது நிரம்பியிருக்கும். ஜனவரி தாண்டட்டும், நீ பத்து நாள் லீவு போட்டு அதோடு வீட்டில் இரு.

அதற்குள் டிரஸ்டிகளுக்குக் கடிதம் எழுதிவிடு. அனுப்பும் முன் எனக்கு ஒரு நகல் அனுப்பு, அப்பா இங்கிலீஷைத் திருத்தித் தருவதாகச் சொல்கிறார். குட்டிக்குப் பெயர் வைக்கும் வேலையையும் அவர் ஆரம்பித்துவிட்டார், அதைக் காதில் வாங்காதே.

அன்புடன்,
அம்மா