இரண்டாம் பருவ நிறைவும் கேள்வி நோட்டும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். தங்கள் குடும்பத்தார் அனைவருக்கும் புத்தாண்டு, பொங்கல் வாழ்த்துகள்.

இரண்டாம் பருவம் நல்லபடியாக நிறைவடைந்தது. அரையாண்டுத் தேர்வில் எல்லா வகுப்புகளும் திருப்தியான தேர்ச்சி பெற்றுள்ளன. குழந்தைகள் தின விழா, ஓவியப் போட்டி, விளையாட்டு விழா ஆகியவற்றில் பரிசு பெற்றவர்களுக்கும் பங்கேற்றவர்களுக்கும் பாராட்டுகள். மூன்றாம் பருவப் புத்தகங்கள் வழங்கப்பட்டுவிட்டன. அட்டை போட்டு, பெயர் எழுதி அனுப்பவும்.

இனி, சற்று விரிவாக எழுத வேண்டிய ஒரு விஷயத்துக்கு வருகிறேன். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பொது அறிவுப் பாடத்தை இந்தக் கல்வியாண்டில் புத்தகமின்றி, கேள்வி நோட்டு கொண்டு நடத்திவருகிறோம். முன்பிருந்த புத்தகத்தில் வினாவும் விடையும் அருகருகே அச்சாகியிருந்தன. தலைநகரம், தேசியப் பறவை, மிக நீளமான ஆறு என்று பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பித்தார்கள். ஆனால், தினமும் தென்பெண்ணைப் பாலத்தைக் கடந்து பள்ளிக்கு வரும் பிள்ளையிடம் அந்த ஆற்றின் பெயரைக் கேட்டபோது, சற்றும் தயங்காமல் ‘கங்கை’ என்றது. அந்தப் பதிலுக்குப் பிறகுதான் பாடத்தை மாற்றியே தீர வேண்டும் என்று ஆசிரியர்கள் முடிவு செய்தார்கள்.

புதிய பாடத்திட்டத்தைக் கோடை விடுமுறையில் அவர்களே கூடி வகுத்தார்கள். ஒன்றாம் வகுப்புக்கு வீடும் பள்ளி வளாகமும் எல்லை. இரண்டாம் வகுப்புக்குத் தெருவும் ஊரும். மூன்றாம் வகுப்புக்கு மாவட்டமும் அதைத் தாண்டிச் செல்லும் ஆறும் சாலையும். முதல் பருவத்தில் சந்தை, இரண்டாம் பருவத்தில் தண்ணீர், மூன்றாம் பருவத்தில் மாமரம் என்று பருவத்துக்கு ஒரு பொருள். திங்கட்கிழமை பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை ஆசிரியர் கரும்பலகையில் எழுதி, அவற்றைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை, பெரியவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை, படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை என்று பிள்ளைகளைக் கொண்டே பிரிக்கச் செய்கிறார். பதிலைத் தேட வியாழன் வரை நேரம் உண்டு. வெள்ளிக்கிழமை ஒவ்வொருவரும் எழுந்து நின்று, தான் கண்டதைச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வகுப்பினருக்கு எழுத்தைவிடப் படமும் பேச்சுமே போதும்.

இதனால் தகவல்களைக் கைவிட்டுவிட்டோமோ என்று சிலர் கவலைப்படுகிறீர்கள். அந்தக் கவலை வேண்டாம். ஆறு எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தொடங்கிய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணை, நம் கே.ஆர்.பி. அணை (கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்ட அணை), பிறகு சாத்தனூர் அணை ஆகியவற்றைக் கடந்து கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கும் வரை வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுகிறார்கள். தாத்தாவின் பழைய நிலப் பத்திரத்தில் தருமபுரி மாவட்டம் என்று ஏன் இருக்கிறது என்று ஒரு மாணவி கேட்டாள். கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9 அன்று தனி மாவட்டமானதையும், அந்தத் தருமபுரியே 1965 இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது என்பதையும் வகுப்பு முழுவதும் அன்று தெரிந்துகொண்டது. யாரையும் ஒப்பிக்க வைக்கவில்லை. இன்றுவரை யாரும் மறக்கவும் இல்லை. இந்த முறைக்கு அனுமதி உண்டா என்று கேட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. செயல்பாடு, கண்டறிதல், தேடல் வழியாகப் பிள்ளைகள் கற்க வேண்டும் என்று 2009 ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தன் 29 ஆவது பிரிவில் சொல்கிறது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கேள்வி நோட்டுகளில் பெரியவர்களின் கையெழுத்து பெருகிவருகிறது.

இரண்டாம் வகுப்புக்குத் தரப்பட்ட கேள்வி, ‘உங்கள் வீட்டில் குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?’ என்பது. வெள்ளிக்கிழமை வந்த நோட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில், ‘நீர் என்பது நிறமற்ற, மணமற்ற, சுவையற்ற திரவம்’ என்று தொடங்கும் ஒரே பத்தி, எழுத்துப்பிழை உட்பட ஒன்றுபோல இருந்தது. சிலர் ஜெராக்ஸ் கடையில் வண்ணத்தில் அச்செடுத்து ஒட்டி அனுப்பியிருந்தீர்கள். ஒரு பிள்ளையிடம், “உங்க வீட்டுத் தண்ணி எப்படிம்மா இருக்கும்?” என்று ஆசிரியை கேட்டார். “போர் தண்ணி மிஸ், உப்பா இருக்கும்” என்றது. நாக்குக்குத் தெரிந்திருக்கிறது, நோட்டில் மட்டும் அது சுவையற்றதாகிவிட்டது.

அதே வாரம் வேறொரு நோட்டில் கோணல்மாணலாக ஒரு வரி இருந்தது: ‘பக்கெட்ல ஒட்ற வெள்ளதான் அண்ணன் பல்லுலயும் ஒட்டிருக்கா?’ அந்த ஒரு வரியில் ஒரு வாரப் பாடமே நடந்தது. உப்புப் படிந்த பழைய டம்ளர் ஒன்றில் எலுமிச்சைச் சாற்றை ஊற்றிப் பார்த்தார்கள், நுரைத்துக் கரைந்தது. அது தண்ணீரின் கடினத்தன்மையால் படியும் சுண்ணாம்பு உப்பு. பல்லில் உள்ள கறை அப்படி மேலே ஒட்டியதல்ல என்பதையும், கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் பாறை வழியாக நிலத்தடி நீரில் சேரும் ஃபுளோரைடு, ஈறுக்குள் பல் உருவாகும் வயதிலேயே எனாமலைப் பாதிக்கிறது என்பதையும், தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அது போகாது என்பதையும் செவிலியர் ஒருவர் வந்து எளிமையாக விளக்கினார். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரி நீர் ஏன் நம் ஊர்ப் பக்கம் வந்தது என்பது பிள்ளைகளுக்கு அப்போதுதான் புரிந்தது. அன்று வீட்டுக்குப் போய், குடிக்க எந்தக் குழாய்த் தண்ணீரைப் பிடிக்கிறீர்கள் என்று உங்களைக் கேட்டிருப்பார்கள். தவறாகக் கேட்கப்பட்ட அந்தக் கேள்வியை வீட்டில் யாராவது ‘திருத்தி’ அனுப்பியிருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது.

வேலை முடிந்து அலுத்து வரும் பெற்றோருக்கு, தூக்கத்தில் தள்ளாடும் பிள்ளையின் நோட்டைத் தாமே முடித்துவிடுவது எளிது என்பதை நான் அறிவேன். பிள்ளை வகுப்பில் குறைந்துபோய்விடக் கூடாது என்ற அக்கறையையும் அறிவேன். ஆயினும் சிலவற்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். இந்தப் பருவம் முதல், பெரியவர் எழுதிய பக்கமும் அச்செடுத்து ஒட்டிய பக்கமும் மதிப்பிடப்படாமல் திருப்பி அனுப்பப்படும். பிள்ளை அதை வகுப்பில் உட்கார்ந்து மீண்டும் செய்யும். வியாழன் இரவுகளில் ‘யாராவது ஆன்சர் போடுங்க’ என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வரும் செய்திகளும், அதற்கு வரும் படங்களும் நிற்க வேண்டும். அந்தக் குழு பள்ளி அறிவிப்புகளுக்காக மட்டுமே உள்ளது. வகுப்பாசிரியைக்குப் பாடம் நடத்தத் தெரியவில்லை என்று அங்கே எழுதுவதை நிர்வாகம் ஏற்காது. குறை இருந்தால் என் அறைக்கு வந்து சொல்லுங்கள். மாலை 4 மணிக்கு மேல் நான் இருப்பேன்.

உதவவே கூடாது என்று சொல்லவில்லை. பிள்ளை கேட்டால் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, யாரைக் கேட்கலாம் என்று சேர்ந்து யோசியுங்கள். பல வீடுகளில் தெலுங்கு, கன்னடம், உருது பேசப்படுகிறது. அவ்வா (பாட்டி) தெலுங்கில் சொன்னதைப் பிள்ளை வகுப்பில் தெலுங்கிலேயே சொல்லலாம். தமிழில் எழுத ஆசிரியை உதவுவார். கைப்பேசியில் தேடுவதாயினும், பிள்ளை தன் ஊகத்தை முதலில் நோட்டில் எழுதிய பிறகு தேடட்டும். ஊகம் தவறாக இருந்தாலும் அதை அழிக்க வேண்டாம்.

இந்த ஆண்டு பல பெற்றோர் செய்த உதவியைச் சொல்லாமல் இருக்க முடியாது. ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி கொண்டுபோகும் தந்தை ஒருவர், ஒரு நாள் வியாபாரத்தை விட்டு வகுப்புக்கு வந்து, விலை காலையில் ஒன்றும் மதியத்தில் ஒன்றுமாக மாறுவது ஏன் என்று பிள்ளைகளுக்குப் புரியும்படி சொன்னார். கிணற்றடியில் பிள்ளைகளை உட்காரவைத்து, அந்தக் காலத்தில் மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்ததைச் சொல்லிக் காட்டிய பாட்டிகளும் உண்டு. அவர்கள் அனைவருக்கும் பள்ளியின் சார்பில் மனமார்ந்த நன்றி.

மூன்றாம் பருவத்தின் முதல் கேள்வி, ‘பூத்த பூவெல்லாம் காயாகுமா?’ என்பது. மா பூக்கும் காலம் இது. வீட்டிலோ உறவினர் தோட்டத்திலோ கைக்கெட்டும் உயரத்தில் உள்ள ஒரு பூங்கொத்தில் பிள்ளையே நூல் கட்டி, வாரம் ஒருமுறை பிஞ்சுகளை எண்ணிக் குறித்துவரட்டும். மரம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி வளாகத்து மரம் இருக்கிறது. பிஞ்சு உதிர்ந்து எண்ணிக்கை பூஜ்யமானால் பூஜ்யம் என்றே எழுதட்டும்; வேறு கொத்துக்கு மாற்றிக் கட்ட வேண்டாம். பூவில் தத்துப்பூச்சிக்கு மருந்து அடிக்கும் நாட்களில் பிள்ளைகளைத் தோட்டத்துக்குள் விடாதீர்கள். அந்த வாரக் கட்டத்தில் ‘மருந்து அடித்தார்கள்’ என்று எழுதி அனுப்பினால் போதும்.

தங்கள் ஒத்துழைப்பை நாடும்,
தலைமையாசிரியர்,
நர்சரி மற்றும் தொடக்கப் பள்ளி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.