கூட்டுப் படம் தேவையா?

ஆசிரியருக்கு,

ஈரநிலப் பாடும் பறவைகளின் கூடுகட்டும் பருவம் பற்றிய செய்தி அருமை. உடன் வெளியான கூட்டின் அண்மைப் படம்தான் உறுத்துகிறது. நாணல் கதிர்க்குருவி, நீருக்கு மேலே சில தண்டுகளைச் சேர்த்துப் பின்னிய கிண்ணக் கூட்டில் ஏறத்தாழ 12 நாட்கள் அடைகாக்கிறது. அந்தத் தண்டுகளை விலக்கிப் படமெடுத்தால் மறைப்பு போய்விடும். அடுத்து வருவது காகமோ பாம்போ.

நானும் ஒருமுறை ஆர்வக்கோளாறில் நெருங்கிப் போயிருக்கிறேன். அலகில் புழுவுடன் அந்தப் பறவை கால் மணி நேரம் கத்தியது. கூட்டில் இறங்கவே இல்லை. இரையோடு ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருவதைக் கரையிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தாலே கூடு இருப்பது உறுதியாகிவிடும். குஞ்சுகள் பறக்கும்வரை கூட்டுப் படங்களை வெளியிடுவதில்லை என்று தங்கள் நாளிதழ் முடிவெடுக்கலாமே!