சின்னவ போற தூரம்

மாப்ள சுந்தரத்துக்கு,

இங்க எல்லாரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கு? பொங்கலுக்கு அப்புறம் உன்கிட்டயிருந்து ஒரு வரி காணோம்.

சின்னவளுக்கு சான் பிரான்சிஸ்கோவுல வேலை கிடைச்சிருச்சு. அடுத்த மாசம் கிளம்புறா, சிங்கப்பூர் வழியா. உன் தங்கச்சி "எம்புட்டுத் தூரம்டி?"ன்னு கேட்டா. "ஒரு நாள் ஆகும்மா"ன்னா இவ. "நேரத்தையா கேட்டேன்? தூரத்தைக் கேட்டேன்"னு உன் தங்கச்சி எந்திரிச்சுப் போயிட்டா.

நியாயமான கேள்விதானே. பேப்பரை எடுத்து உக்காந்துட்டேன்.

நம்ம மதுரை பெருங்குடி ஏர்போர்ட் வடக்கு 9.83, கிழக்கு 78.09 டிகிரி. அங்க வடக்கு 37.62, மேற்கு 122.38. கிழக்கையும் மேற்கையும் கூட்டி 360-ல கழிச்சா தீர்க்கரேகை வித்தியாசம் 159.53. ரெண்டு அட்சரேகையோட சைனையும் பெருக்கி, ரெண்டு கொசைனையும் தீர்க்கரேகை வித்தியாசத்தோட கொசைனையும் பெருக்கி, ரெண்டையும் கூட்டினா மைனஸ் 0.627 வருது. அதைக் கொசைனா வச்சிருக்கிற கோணம்தான் பூமியோட மையத்துல வர்ற கோணம், 128.8 டிகிரி. டிகிரிக்கு 111.2 கிலோமீட்டர். ஆக 14,300 சொச்சம்!

அதோட விட மனசில்ல மாப்ள. பூக்கட்டுற நூலை எடுத்து, 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள உலக உருண்டை மேல ரெண்டு ஊருக்கும் இழுத்துப் பிடிச்சேன். முப்பத்து நாலுக்குக் கொஞ்சம் குறைவு. சென்டிமீட்டருக்கு 425 கிலோமீட்டர், கணக்கு சரியா நிக்குது. ஆனா நூல் போன வழியைப் பாக்கணுமே! சுவர்ப் படத்தைப் பாத்தா கிழக்க பசிபிக்கைத் தாண்டித்தான் போகணும்னு தோணும். நூலோ வடக்க ஏறி, காத்மாண்டு பக்கமா இமயமலையைத் தாண்டி, திபெத், மங்கோலியா, சைபீரியாவோட வடகோடின்னு போய், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேல 69 டிகிரி வரைக்கும் ஏறி, அலாஸ்கா வழியா இறங்குது. திசைகாட்டியில ஒரே கோணத்தைப் பிடிச்சுக்கிட்டு கிழக்கயே போனா 16,300 ஆயிரும். ரெண்டாயிரம் கிலோமீட்டர் வீண்!

இவ போற வழி இன்னும் சுத்து. இங்கயிருந்து சிங்கப்பூர் 3,000, அங்கயிருந்து 13,600. நேர்வழியை விட 2,300 கூட. இத்தனையும் உருண்டைக் கணக்குதான். எந்த விமானமும் கோடு பிடிச்ச மாதிரி போகாது. காத்து, மூடின வான்வெளின்னு விலகிப் போகும்.

கணக்கை உன் தங்கச்சிகிட்ட காட்டினேன். நூலை வாங்கி விரல்ல சுத்திக்கிட்டா, ஒண்ணும் பேசல. எனக்கும் ராத்திரி தூக்கம் வரல மாப்ள. பாளையங்கோட்டை ஹாஸ்டல்ல விட்டப்பகூட ஒரு பஸ் ஏறினாப் போய்ப் பாத்துறலாம்னு இருந்துச்சு.

பூமி துருவத்துல தட்டை. நடுக்கோட்டு ஆரம் 6,378, துருவத்துல 6,357. அதையும் சேத்தா அரை சதவீதத்துக்குள்ள மாறும். சர்வே ஆபீஸ்ல சம்பளம் வாங்கினவன் நீதானே, நீள்வட்டக் கணக்குல போட்டு எழுது. சின்னவ கிளம்புறதுக்குள்ள என் தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு வா. மாமா வரலையான்னு கேட்டுக்கிட்டே இருக்கா.

உன்,
ராமு