கப்பு வாங்கினவன் போட்டோ வந்துச்சு, முட்டி போனவன் என்ன ஆனான்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொங்கலுக்கு எங்க கிருஷ்ணகிரி பக்கத்து ஊர்ல நடந்த கபடி போட்டி பத்தி உங்க பேப்பர்ல செய்தி போட்டிருந்தீங்க. முதல் பரிசு எந்த டீம், கப்பு குடுத்தது யாரு, மேடையில யாரெல்லாம் உக்காந்திருந்தாங்க எல்லாம் வந்துச்சு, சந்தோஷம். போன வருஷம் இதே போட்டியில ஆடின ஒரு பையனைப் பத்தி சொல்லத்தான் இந்த லெட்டர், அவன் பேரு எந்தச் செய்தியிலயும் வரல.

நான் இங்க 11 வருஷமா ஒரு சின்ன பிசியோதெரபி கிளினிக் நடத்துறேன். ரெண்டு கட்டில், வலிக்கு கரண்ட் வைக்கிற ஒரு ஐஎஃப்டி மெஷின், ஒரு அல்ட்ராசவுண்ட் மெஷின், ஜன்னல் கம்பியில கட்டின எலாஸ்டிக் பேண்டு, அவ்வளவுதான். இந்தப் பையன் ஆனி மாசம் வந்தான், அடிபட்டு அஞ்சு மாசம் கழிச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு மேட்ச்சாம், அந்தக் குளிர்ல போர்வையைப் போத்திக்கிட்டு மூணு மணி நேரம் உக்காந்திருந்துட்டு, பேரைக் கூப்பிட்டதும் அப்படியே எழுந்து ரெய்டு போயிருக்கான், வார்ம் அப் கிர்ம் அப் எதுவும் கிடையாது. திரும்புறப்ப முட்டி மடங்கி உள்ள டப்புனு ஒரு சத்தம். விடியறதுக்குள்ள முட்டி பந்து மாதிரி வீங்கிருச்சு. டப்புனு சத்தம் கேட்டு ரெண்டு மூணு மணி நேரத்துல வீங்குச்சுனாலே உள்ள லிகமென்ட், அதான் நம்ம ஆளுங்க ஜவ்வுன்னு சொல்றது, கிழிஞ்சிருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. ஆனா அங்க இருந்த பெரியவங்க சுளுக்குன்னு முடிவு பண்ணிட்டாங்க. ரெண்டு பேர் பிடிச்சுக்க ஒருத்தர் காலை வெடுக்குனு இழுத்து, எண்ணெய் ஊத்தி நீவி, மறுநாள் முட்டையும் உளுந்து மாவும் வெச்சு பத்துப் போட்டு கட்டி விட்டாச்சு.

கட்டில்ல படுக்க வெச்சு முட்டிக்குக் கீழ எலும்பைப் பிடிச்சு லேசா முன்னாடி இழுத்தேன், மேஜை டிராயர் மாதிரி வருது, ஜவ்வு கிழிஞ்சதுக்கு அது அடையாளம். டேப் எடுத்து தொடையை அளந்தா நல்ல காலை விட 4 செ.மீ. குறைச்சல், அஞ்சு மாசமா அந்தக் கால்ல ஒழுங்கா ஊனாம சதை அவ்வளவு கரைஞ்சு போச்சு. இடையில வலி குறைஞ்சதும் சரியாயிடுச்சுன்னு ரெண்டு தடவை வாலிபால் வேற ஆடியிருக்கான். ஒவ்வொரு தடவை முட்டி வழுக்குறப்பவும் உள்ள குஷன் மாதிரி இருக்கிற மெனிஸ்கஸும் சேர்ந்து அடிவாங்கும்னு அவனுக்கு யாரு சொல்லியிருக்கப் போறாங்க.

கட்டு கட்டுறவங்க மேல எனக்கு கோபம் இல்ல சார். ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த ஊர்ல கை குடுக்க வந்தது அவங்கதானே. என் ஆதங்கமெல்லாம் போட்டி நடத்துறவங்க மேலதான். பிளட் லைட்டுக்கு, மைக் செட்டுக்கு, பேனருக்கு காசு இருக்கு, ஒரு ஐஸ் பெட்டிக்கு இல்ல. நம்ம மாவட்டத்துல எருது விடும் விழா நடத்தணும்னா டாக்டர் டீம் நிக்கணும், மாட்டுக்கும் தனியா பாக்கணும், அதுக்கெல்லாம் ரூல்ஸ் இருக்கு, நல்ல விஷயம்தான். நான் பார்த்த எந்த ஊர் கபடியிலயும் ஒரு பேண்டேஜ் ரோல் கூட கண்ணுல பட்டதில்ல.

கிளினிக் நடத்துறதுல இன்னொரு கூத்து இருக்கு. யாரு வந்தாலும் முதல்ல கேக்குறது "கரண்ட் வைப்பீங்களா?" அந்தப் பையனோட அம்மா ரெண்டாவது நாளே, "ஏன் சார், காலைத் தூக்கி இறக்கச் சொல்றதுக்கா 250 ரூபா, அதை இவன் வீட்லயே பண்ண மாட்டானா?"ன்னு கேட்டுட்டாங்க. கேள்வி நியாயம்தான், ஆனா வீட்ல பண்ண மாட்டான், அதுதான் பிரச்சனை. உண்மையைச் சொல்லிடுறேன், நானும் 10 நிமிஷம் கரண்ட் வெச்சுதான் அனுப்புறேன், இல்லனா மறுநாள் ஆளு வராது. கரண்ட் அந்த நேரத்துக்கு வலியைக் குறைக்கும், தொடையில சதையை வளர்க்கிறது எக்ஸர்சைஸ் மட்டும்தான். வேப்பனஹள்ளி பக்கத்துல இருந்து வர்றவங்ககிட்ட இதையே தெலுங்குலயும் சொல்லணும், "நொப்பி", அதாவது வலிங்கிற வார்த்தை தெரியாம இங்க பிசியோ பாக்க முடியாது.

போலீஸ் செலக்ஷன் அறிவிப்பு வந்தா எங்களுக்கு அது ஒரு சீசன். 1500 மீட்டரை 7 நிமிஷத்துல முடிக்கணும், அதனால அதுவரைக்கும் ஓடியே பழக்கம் இல்லாத பசங்க திடீர்னு சர்வீஸ் ரோட்டுல, கிழிஞ்சு போன ஷூவோட, தினமும் காலை சாயந்திரம் ரெண்டு வேளையும் ஓடுறாங்க, மூணாவது வாரம் முட்டிக்குக் கீழ முன்பக்க எலும்பு வலிக்குதுன்னு வந்து நிக்கிறாங்க. ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, தார் ரோட்டை விட்டு மண்ணுல ஓடினாலே பாதிப் பேரு என்கிட்ட வர வேண்டியதில்ல. மாங்கா சீசன் வந்தா தொரட்டி பிடிச்சு தோள்பட்டை போனவங்க, மரத்துல இருந்து விழுந்தவங்க, அது தனிக் கதை.

அரசாங்கம் எதுவும் பண்ணலன்னு சொல்ல வரல. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5ல நம்ம மாவட்டத்து சாமனப்பள்ளியிலதான் ஆரம்பிச்சாங்க, பக்கவாதம் வந்து படுத்த படுக்கையா இருக்கிறவங்க வீட்டுக்கே பிசியோ போறது பெரிய விஷயம், அப்படிப் போறவங்க எனக்கும் தெரிஞ்சவங்கதான். ஆனா 19 வயசுப் பையன் முட்டி அந்த லிஸ்ட்டுல வராது, அவன் வீட்ல படுத்தும் இருக்க மாட்டான், டிவிஎஸ் 50ல சுத்திக்கிட்டு இருப்பான்.

அதனால உங்ககிட்ட கேக்குறது இதுதான். போட்டி சீசன்ல ஸ்போர்ட்ஸ் செய்தி பக்கத்துலயே சின்னதா ஒரு கட்டம் போடுங்க சார். அடிபட்டா முதல் ரெண்டு மூணு நாளைக்கு நீவ வேண்டாம், இழுக்க வேண்டாம், உள்ள ரத்தக்கசிவு ஜாஸ்தியாகும். ஐஸை துணியில சுத்தி 15, 20 நிமிஷம் வைக்கலாம், நேரா தோல் மேல வைக்கக்கூடாது. கணுக்கால் பிசகி 4 அடி கூட ஊனி நடக்க முடியலனா எக்ஸ்ரே எடுத்தே ஆகணும். முட்டியில டப்புனு சத்தம் கேட்டா அன்னிக்கு ஆட்டத்தோட சரி, எலும்பு டாக்டரைப் பாக்கணும். இவ்வளவுதான், நாலு வரி.

ஸ்கூல்ல விளையாட்டு சொல்லிக் குடுக்கிற பி.ஈ.டி. சார்களுக்கு வருஷத்துக்கு ஒரு நாள் இதைச் சொல்லிக் குடுக்க யாராவது ஏற்பாடு பண்ணினா நான் காசு வாங்காம வர்றேன், எனக்குத் தெரிஞ்ச இன்னும் நாலு பிசியோவும் வருவாங்க. ஊர்ல போட்டின்னா முன்கூட்டியே சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை ஐஸ் பெட்டியோட நானே வந்து ஓரமா உக்காந்துக்கிறேன்.

அந்தப் பையனுக்கு ஆகஸ்ட்ல ஆபரேஷன் ஆச்சு, அவங்க அப்பா கடன ஒடன வாங்கித்தான் பண்ணினாரு. 9 மாசம் ஆகாம க்ரவுண்டுல இறங்கினா திரும்ப கிழியிற ஆபத்து ஜாஸ்திங்கிறதால மே மாசம் வரைக்கும் ஆடக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். இந்த வருஷம் அதே போட்டிக்குப் போய் லைன் ஓரமா சேர் போட்டு ஸ்கோர் எழுதினானாம், அங்க இருந்தே போன் பண்ணி "சார், ஒரே ஒரு ரெய்டு"ன்னான். முடியாதுன்னுட்டேன். அடுத்த போட்டிக்கு ஐஸ் பெட்டி தூக்க அவனே கூட வர்றேன்னு சொல்லியிருக்கான். தூக்க மட்டும்தான்.

பேரு போட வேண்டாம் சார், விளம்பரத்துக்கு எழுதினேன்னு சொல்லிடுவாங்க.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட், கிருஷ்ணகிரி