செயலாளர் ஆண்டறிக்கை 2020–21, மயூர் விஹார், தில்லி

பொதுக்குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். ஏப்ரலில் கூடவேண்டிய கூட்டம் ஆகஸ்டில் கூடியிருக்கிறது. காரணம் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நிகழ்ச்சிகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சித்திரைத் திருநாள், ஆடிப்பெருக்கு இரண்டும் நடக்கவில்லை. நவராத்திரிக் கொலு கைப்பேசித் திரையில் நடந்தது. சுண்டல் அவரவர் வீட்டில்.

நிறையச் சொல்ல இருப்பது காற்றைப் பற்றித்தான். 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கிய சில நாட்களிலேயே, மழையும் கைகொடுக்க, தில்லியின் காற்றுத் தரக் குறியீடு 50-க்குக் கீழே இறங்கியது. இந்த எண் குறையக் குறையக் காற்று சுத்தம் என்று பொருள். அந்த ஏப்ரலில் மொட்டைமாடியில் வடாம் பிழிந்தவர்களுக்கு நினைவிருக்கும். வழக்கமாக மேலே பழைய வேட்டியைப் போர்த்துவோம். மாலையில் உதறினால் கரித்தூள் பறக்கும். அந்த முறை உதறினோம், ஒன்றும் விழவில்லை. ஏதோ நாமே சாதித்துவிட்டது போலச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் நீல வானப் படங்கள் குவிந்தன. நானும் இரண்டு போட்டேன்.

வண்டிகள் ஓடாததால் நைட்ரஜன் டை ஆக்சைடு சட்டென்று குறைந்தது. அது சில மணி நேரமே காற்றில் தங்கும் வாயு. கரியமில வாயு அப்படி விட்டுப்போகாது. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் உலகின் அன்றாட வெளியேற்றம் 2019 சராசரியைவிடச் சுமார் 17 சதவீதம் குறைந்தது உண்மை. ஆனால் டிசம்பருக்குள் முந்தைய டிசம்பரையே மிஞ்சிவிட்டது. ஹவாயின் மௌனா லோவா ஆய்வகத்தில் அளந்த காற்றில் கரியமில வாயுவின் 2020 மே மாதச் சராசரி பத்து லட்சத்துக்கு 417 பங்கு. 2021 மே மாதம் 419. பொருளாளரிடம் இதைக் காட்டியபோது, "புதுக்கடன் கொஞ்சம் குறைந்தது, அசல் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது" என்றார்.

நவம்பரில் பஞ்சாப், ஹரியானா வயல்களில் கொளுத்தும் வைக்கோலின் புகையும் வந்து சேர்ந்தது. பசுமைத் தீர்ப்பாயம் பட்டாசுக்குத் தடை விதித்திருந்தும் தீபாவளியன்று குறியீடு 400-ஐத் தாண்டியது. துளசி இலையை விரலால் தேய்த்தால் விரல் கறுத்தது.

ஆகவே போகிக்குப் பழைய பாய் கொளுத்துவதில்லை என்று செயற்குழு தீர்மானித்தது. "அன்று இரவே எதிர்ப் பூங்காவில் பஞ்சாபிக்காரர்களின் லோஹ்ரிப் பண்டிகைத் தீ எரியுமே, நமக்கு மட்டும் என்ன சட்டம்?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். தீர்மானம் நிறைவேறியது. போகியன்று விடிந்ததும் பூங்கா வாசலில் கோரைப்பாய்ச் சாம்பலும் பாதி எரிந்த முறமும் கிடந்தன. லோஹ்ரித் தீ மூட்டுவது இரவில்தான் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

வரவு செலவில் ஒரு வரி: ஜெனரேட்டருக்கு டீசல், இவ்வாண்டு செலவு இல்லை. பொருளாளர் இதைச் சேமிப்பு என்று எழுதியிருக்கிறார். விழாவே நடக்காத ஆண்டில் மிஞ்சியது சேமிப்பாகாது என்பது என் கருத்து. வரும் பொங்கலுக்கு ஜெனரேட்டரை விட்டுத் தற்காலிக மின் இணைப்பு வாங்கலாம் என்று முன்மொழிகிறேன். வாடகை, வைப்புத்தொகை விவரங்களைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.